காமாலை: ஒரு சொல்லும் ஒரு நிறமும்

1. முன்னுரை

நோய்களுக்கு வழங்கும் பெயர்கள் மருத்துவர்க்கு மட்டுமே உரியன அல்ல. நோயுற்றாரும் அவர்தம் சுற்றத்தாரும் அப்பெயர்களைக் கொண்டே தம் நிலையை எண்ணுகின்றனர், அஞ்சுகின்றனர், மருந்து தேடுகின்றனர். ஆகலின் ஒரு நோய்ப்பெயரின் வரலாற்றை ஆராய்வது சொல்லாராய்ச்சி என்ற அளவில் நில்லாது, மக்களின் வாழ்வு வரலாற்றாராய்ச்சியாகவும் அமைகின்றது. 'காமாலை' என்னும் சொல் இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

குருதிச் சோதனை செய்துகொள்ளும் வழக்கம் ஊர்தோறும் பரவிய பின்னர்ப் புதியதொரு நிலை தோன்றியுள்ளது. பெரிய காஞ்சிபுரத்துத் தறியில் அமர்ந்து பட்டு நெய்வார் ஒருவர் வேறு எதன்பொருட்டோ சோதனை செய்துகொள்கின்றார் எனக் கொள்வோம். குருதியில் பிலிரூபின் என்னும் பொருள் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்து 2 அல்லது 2.5 என நிற்கின்றது. கல்லீரல் நொதிகள் செவ்விய அளவினவாக உள்ளன. அலகிடு கருவியிலும் குறை தோன்றவில்லை. ஆறு திங்கள் கழித்துப் பார்ப்பினும், ஆண்டுகள் கழித்துப் பார்ப்பினும் அந்த ஓர் எண் மட்டும் தாழ்வதில்லை. காரணம் கூறுவார் இலர். ஆனால் 'காமாலை' என்னும் பெயர் மட்டும் உடனே கிடைத்துவிடுகின்றது. அன்று முதல் அவர் கண்ணாடியில் தம் கண்ணின் வெண்மையை நோக்குவதே நாட்கடனாகின்றது. 'கல்லீரல் கெட்டுவிட்டதோ' என்னும் கவலை உணவிலும் உறக்கத்திலும் உடன் வருகின்றது.

இக்கவலை எங்கிருந்து பிறக்கின்றது? எண் புதியது, ஆனால் அச்சம் பழையது. அந்த அச்சத்தைச் சுமந்து வந்தது காமாலை என்னும் சொல்லே என்பதும், நிறத்தையும் நோயையும் ஒன்றெனக் கொண்ட அச்சொல்லின் பொருளை இன்று பகுத்துக் காணவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சொல்லும் வழக்கும்

காமாலை என்பது வடமொழியிலுள்ள 'காமலா' என்பதனோடு தொடர்புடைய சொல். தமிழ் மக்கள் அதனோடு தம் சொல்லாகிய மஞ்சள் என்பதனையும் கூட்டி 'மஞ்சட்காமாலை' என வழங்கினர். அடைமொழி ஒட்டியதனால் நோயின் இயல்பினும் அதன் நிறமே முதன்மை பெற்றது. நிறத்தால் நோயைப் பெயரிடும் வழக்கம் பிற நாட்டார்க்கும் உண்டு. கிரேக்க மொழியில் 'இக்தெரொஸ்' என்னும் ஒரே சொல் காமாலையையும் ஒரு மஞ்சள் நிறப் பறவையையும் குறித்தது. அதர்வ வேதத்தின் முதற்காண்டத்திலுள்ள ஒரு பாடல், நோயாளியின் மஞ்சள் நிறம் கிளி முதலிய பறவைகளிடம் சென்று சேருமாறு வேண்டுகின்றது. நிறம் நீங்கின் நோயும் நீங்கும் என்னும் எண்ணமே இவ்விரு நாட்டாரிடத்தும் காணப்படுவது.

'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்னும் பழமொழி நம் வழக்கில் நிலைத்துள்ளது. இஃது உவமைக்குப் பொருந்துவதாயினும் உடலியலுக்குப் பொருந்துவதன்று. காமாலையுற்றார்க்குப் பொதுவாக உலகம் மஞ்சளாகத் தோன்றுவதில்லை. அவர்தம் விழியின் வெண்பகுதி பிறர்க்கு மஞ்சளாகத் தோன்றுகின்றது. நோயாளி காண்பதன்று, நோயாளியிடத்துப் பிறர் காண்பது. இந்நோயின் பெயரும் அச்சமும் பெரும்பாலும் காண்பாரின் பார்வையிலிருந்தே பிறந்தவை என்பதற்கு இப்பழமொழியே ஒரு சான்றாகக் கொள்ளத்தகும்.

நிற வேறுபாட்டைப் பிழைபட உணர்தல் பற்றித் தமிழிலக்கியம் நன்கறிந்திருந்தது. பிரிவினால் மேனியில் தோன்றும் பசலை நோயன்று. திருவள்ளுவர் 'பசப்புறு பருவரல்' எனத் தனியதிகாரமே வகுத்தார். ஆயினும் அகப்பாடல்களில் வரும் தாய், மகளின் மேனி வேறுபாட்டைக் கண்டு, அதன் காரணம் உணராது, முருகனால் வந்த அணங்கெனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். குறி மெய், அக்குறிக்கு அவள் கண்ட காரணம் பொய். தோழி அறத்தொடு நின்று உண்மையை உணர்த்தும் வரை அவ்வீட்டில் அமைதி இல்லை. பசலையும் காமாலையும் வேறாயினும், குறியை நோயென மயங்கும் மனநிலை இரண்டிடத்தும் ஒன்றே.

3. திருமுக்கூடற் கல்வெட்டு

காஞ்சியை அடுத்தோடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் ஏறத்தாழ கி.பி. 1068-69. இந்திய மருத்துவ வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றாக அறிஞர் பலரும் போற்றுவது இக்கல்வெட்டு. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், 'வீரசோழன்' என்னும் பெயர் பெற்ற ஆதுலர்சாலையும் நடைபெற்றமையை இஃது அறிவிக்கின்றது.

அவ் ஆதுலர்சாலையிற் படுக்கை 15. படுத்திருப்பார் ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு அரிசி ஒரு நாழி. மருத்துவர்க்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8-உம். அறுவை மருத்துவம் செய்வார்க்கு நெல் 30 கலம். மூலிகை கொணர்ந்து மருந்து அடுவார் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளரும் வகுக்கப்பெற்றிருந்தனர். ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன.

அப்பட்டியலில் 'மண்டூகர வடகம்' எனப் படிக்கப்பெறும் பெயர் ஒன்று உண்டு. மண்டூகம் என்பது தவளை. மண்டூகபருணி என்பது வல்லாரைக்குரிய வடமொழிப் பெயர். அதுபற்றி இதனை வல்லாரை மருந்தெனக் கொள்ள இடமுண்டெனினும், சொல்லின் ஈற்றில் நிற்கும் ரகரத்திற்கு அக்கொள்கை விடை கூறாது. 'வடகம்' என்னும் உருண்டை மருந்துப் பெயரோடு சேர்த்து நோக்கின், மருத்துவ நூல்களிற் புகழ்பெற்ற 'மண்டூர வடகம்' என்பதே இஃது எனக் கோடல் பொருந்தும். மண்டூரம் என்பது இரும்புக் கிட்டம். சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் பாண்டு, காமலா ஆகிய நோய்களைப் பற்றிய 16ஆம் அதிகாரத்தில் இவ் வடகம் கூறப்பட்டுள்ளது. அதே பட்டியலில் காணப்படும் கோமூத்திர அரீதகி, அஃதாவது ஆனீரிற் பதப்படுத்திய கடுக்காய், அந்நூலிற் பாண்டு நோய்க்கும் உரைக்கப்படுவதாகும். இவற்றால், காஞ்சியின் அணித்தே பதினோராம் நூற்றாண்டில் நடைபெற்ற ஓர் ஆதுலர்சாலை வெளுப்பும் மஞ்சளுமாகிய நோய்களுக்குரிய மருந்தைச் சேமித்து வைத்திருந்தது என்பது போதரும்.

அம்மருந்து காமாலையைத் தீர்த்தது என்பதற்கு இக்கல்வெட்டுச் சான்றாகாது. கருதத்தக்கது வேறொன்று. வெளுப்பு நோயாகிய பாண்டுவையும் காமாலையையும் பண்டையோர் ஓரினமாக எண்ணினர். பாண்டு முதிர்ந்த வழிக் காமாலை தோன்றும் எனவும் கூறினர். குருதியோடு மஞ்சள் நிறத்திற்குத் தொடர்புண்டு என்னும் உணர்வு இதில் அடங்கியுள்ளது. இரும்பு கலந்த மருந்து வெளுப்புக்கு ஏற்றதே. மஞ்சளுக்கு அது ஏற்றதாகுமா என்பது அம்மஞ்சள் எதனால் வந்தது என்பதனைப் பொறுத்தது. அக்கேள்வி எழுந்தவிடத்தேதான் காமாலையின் வரலாறு கிளை பிரிகின்றது.

4. நூலோர் கண்ட வேறுபாடு

காமாலை ஒருவகையே எனப் பழைய நூலோர் கருதினாரல்லர். சரக சங்கிதை இருவகை கூறுகின்றது. ஒன்றிற் பித்தம் மிகுந்து உடலெங்கும் பரவுகின்றது. மற்றொன்றில் பித்தத்தின் வழி அடைபடுகின்றது. அடைபட்ட வகையில் மலம் அரைத்த எள்ளின் நிறத்தை ஒத்து வெளுத்திருக்கும் என அந்நூல் குறிக்கின்றது. பித்தநாளம் கல்லாலோ கட்டியாலோ அடைபட்டவழி மலம் வெளுத்தலை இக்கால மருத்துவரும் முதன்மையான குறியாகக் கொள்கின்றனர்.

சித்த மருத்துவம் காமாலையை அழல் மிகுதியால் வரும் நோய்களுள் வைத்தது. அம்மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என ஒன்று உண்டு: நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர். இவ்வெட்டனுள் நிறம், விழி, மலம், நீர் ஆகிய நான்கும் காமாலையை நேரே காட்ட வல்லவை. கற்ற மருத்துவர் விழியை மட்டும் நோக்கி முடிவு கூறாது நீரையும் மலத்தையும் ஒருங்கு நோக்கினர் என்பது இதனாற் பெறப்படும். ஊர் வழக்கில் இம்முறை சுருங்கிற்று. விழி மஞ்சளாயின் காமாலை, காமாலையாயின் கீழாநெல்லி, அதனோடு உப்பும் எண்ணெயும் நீக்கிய கடும் பத்தியம் என்பதே எஞ்சியது.

5. நிறம் நீங்கின் நோய் நீங்குமா?

கீழாநெல்லியின் புகழுக்கு ஒரு காரணம் எளிதிற் புலப்படுவது. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் கல்லீரல் அழற்சி பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் தானே தணிவது. அக்கிழமைகளில் எம்மருந்து உண்ணினும், நிறம் மாறியபோது அம்மருந்தே மாற்றியதாகத் தோன்றும். ஆயின் தணியாத வகைகளும் உண்டு. 1955 டிசம்பர் தொடங்கி 1956 ஜனவரி வரை டில்லி மாநகரில், யமுனையிற் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,300 பேர் காமாலையுற்றனர். கருவுற்ற மகளிர்க்கு அது பெருங்கேடு விளைத்தது. சேமித்து வைத்த குருதியை 1980இல் ஆராய்ந்தபோது அது ஏ வகையும் பி வகையும் அன்று எனத் தெரிந்தது. பின்னர் ஈ வகை எனப் பெயர் பெற்ற வைரசே அதற்குக் காரணம் என இன்று கொள்ளப்படுகின்றது. வெளித்தோற்றத்தில் யாவும் ஒரே மஞ்சள். உள்ளே நோய் வேறு வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழகத்திற் செய்த ஓர் ஆராய்ச்சி நன்கு விளக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோர், பி வகை வைரசைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு இணைந்து, கீழாநெல்லியைப் பற்றிய ஆய்வை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். அம்மூலிகை உண்ட 37 பேருள் 22 பேர்க்கு வைரசின் மேற்பரப்புப் பொருள் குருதியினின்று மறைந்தது. வெறும் போலி மருந்து உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. பிற நாட்டில் நிகழ்ந்த பின்னை ஆய்வுகள் இம்முடிவை உறுதி செய்யவில்லை. எனினும் அவ் ஆய்வாளர் செய்த ஒன்று நம் வரலாற்றிற்கு இன்றியமையாதது: அவர்கள் மஞ்சளை அளக்கவில்லை, வைரசை அளந்தனர். பி வகை வைரசை நெடுநாள் தாங்கி நிற்பார் பலர்க்கு விழியில் மஞ்சள் தோன்றுவதே இல்லை. மஞ்சள் இன்றியும் கல்லீரல் நோய் உண்டு என்பது இங்ஙனம் உறுதிப்பட்டது. இதன் மறுதலையாகிய, கல்லீரல் நோய் இன்றியும் மஞ்சள் உண்டு என்னும் உண்மையே நாம் முதலில் கூறிய நெசவாளர்க்கு உரியது.

6. நோயில்லா மஞ்சள்

குருதியிலுள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றது. அதன் செம்பொருளாகிய ஈமோகுளோபின் சிதைந்து பிலிரூபின் ஆகின்றது. நலமுடைய ஒருவர் உடலில் நாள்தோறும் 250 முதல் 300 மில்லிகிராம் வரை இஃது உண்டாகின்றது. பிலிரூபின் என்னும் சொல்லுக்கே 'பித்தச் சிவப்பு' என்பது பொருள். முதலில் உண்டாகும் பிலிரூபின் நீரிற் கரையாது. கல்லீரல் அதனைக் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கரையும் பொருளாக்கிப் பித்தநீர் வழியே வெளியேற்றுகின்றது.

இவ்விரு நிலைகளையும் குருதியில் வேறுபடுத்திக் காணும் வழி, எர்லிக் 1883இல் கண்ட நிறச் சோதனையை அடிப்படையாகக் கொண்டு, ஹாலந்து நாட்டு வான் டென் பெர்க் என்பவரால் 1913ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் வகுக்கப்பெற்றது. நேரே வினைபுரிவது ஒன்று, நேரல்லாது வினைபுரிவது மற்றொன்று என அவர் பிரித்தார். அப்பிரிவின் காரணம் இணைப்புப் பெற்றதும் பெறாததுமே என்பது 1956, 1957ஆம் ஆண்டுகளிற் புலனாயிற்று.

அதற்கு முன்னரே, 1901இல், பாரிசு நகர மருத்துவராகிய ழில்பேர் என்பார் லெரெபுல்லே என்பவரோடு சேர்ந்து, குடும்பவழி வரும் எளிய மஞ்சள் நிலை ஒன்றை விளக்கி எழுதினார். ஆங்கில ஒலிப்புப்படி இன்று அது 'கில்பர்ட்' நிலை எனப்படுகின்றது. இந்நிலையுடையார்க்குக் கல்லீரலில் அழற்சி இல்லை; அடைப்பு இல்லை. பிலிரூபினை இணைக்கும் நொதி மட்டும் இயல்பான ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினதாக உள்ளது. 1995இல் இதன் மரபுக் காரணமும் அறியப்பட்டது. அந்நொதிக்குரிய மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஆறு முறை வரவேண்டிய ஈரெழுத்துத் தொடர் ஏழு முறை வருகின்றது. தாய்வழி தந்தைவழி இரண்டிலும் அவ்வாறே வந்தவரிடம் இந்நிலை தோன்றுகின்றது. உலக மக்களுள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரை இந்நிலையினர் எனக் கணிப்பர். இதற்கு மருந்து வேண்டுவதில்லை. இது கல்லீரலை அழிப்பதுமில்லை. பிலிரூபின் கழிவுப்பொருள் மட்டுமன்று, உடலணுக்களைக் காக்கும் தன்மையும் அதற்குண்டு என 1987 முதல் ஆய்வாளர் காட்டி வருகின்றனர்.

காஞ்சி போன்ற கோயில் நகர்க்குச் சிறப்பாகப் பொருந்தும் செய்தி ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. கில்பர்ட் நிலையுடையார் உண்ணாதிருப்பின் அவர்தம் பிலிரூபின் ஒன்றிரண்டு நாளிலேயே ஏறுகின்றது. காய்ச்சலும், கடும் உழைப்பும், உறக்கமின்மையும் அதனை ஏற்றுவன. ஏகாதசியோ சஷ்டியோ நோன்பிருந்து மறுநாட் காலையிற் குருதி கொடுப்பவர்க்கு எண் உயர்ந்து தோன்றும். அவ்வெண்ணைக் கண்டு அஞ்சிக் காமாலைப் பத்தியம் என உணவைக் குறைப்பாராயின் அது மேலும் உயரும். உயர உயர அச்சமும் பத்தியமும் கடுமையாகும். தீர்க்கும் எனக் கருதியதே குறியை வளர்க்கும் இவ்விடத்தில், மகளின் மேனி கண்டு வெறியயரும் தாயின் நிலையை நினையாதிருத்தல் அரிது.

ஆயினும் எல்லா மஞ்சளும் இத்தகையதே எனத் துணிதலும் தவறாகும். சிவப்பணுக்கள் அளவிறந்து அழியினும் இணையாப் பிலிரூபின் மிகும். ஆகலின் அணுக்களின் எண்ணிக்கை முதலியவற்றை மருத்துவர் சோதித்த பின்னரே கில்பர்ட் எனல் வேண்டும். இணையாப் பிலிரூபின் நீரிற் கரையாமையின் சிறுநீரிற் செல்லாது. விழி மஞ்சளாக, நீர் தெளிவாகவே இருத்தல் அந்நிலையின் இயல்பு. நீர் கறுத்தல், மலம் வெளுத்தல், உடல் அரித்தல், காய்ச்சல், உடல் மெலிதல், நொதிகள் மிகுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அது வேறு நோய் ஆதலின், காலந்தாழாது மருத்துவமனை செல்லுதல் வேண்டும். புற்றுநோய்க்குரிய இரினோடெக்கான் போன்ற சில மருந்துகள் இந்நிலையினர்க்கு மிகுதியாகத் தாக்குவதால், தம் நிலையை மருத்துவர்க்கு அறிவித்தலும் கடன். எண்வகைத் தேர்வில் விழியோடு நீரையும் மலத்தையும் சேர்த்து வைத்தாரின் நுண்மை இங்கே விளங்குகின்றது.

7. கலைச்சொல்லின் தேவை

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். 'காமாலை' என்னும் ஒரு சொல் இன்று நான்கு பொருள்களைச் சுமக்கின்றது: விழியின் நிறம், குருதியிலுள்ள ஓர் அளவு, கல்லீரல் அழற்சி, பித்தவழி அடைப்பு. ஒருவர்க்கு முதல் இரண்டு மட்டும் இருப்பினும், சொல் ஒன்றாதலின், பின்னிரண்டின் அச்சமும் உடன் வருகின்றது. மற்றொருவர்க்குப் பின்னிரண்டும் இருப்பினும், 'காமாலைதானே, பச்சிலை போதும்' என்னும் எளிமையும் அச்சொல்லாலேயே வருகின்றது. வீண் அச்சமும் வீண் துணிவும் ஒரே ஊற்றினின்று பிறக்கின்றன.

மருத்துவத் தமிழுக்கு முன்னோடியாகிய சாமுவேல் பிஷ் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும் தமிழில் வெளிவந்தன. வழக்கிலுள்ள சொல் பொருந்துமிடத்து அதனையும், பொருந்தாவிடத்துப் புதுச்சொல்லையும், இரண்டும் இயலாவிடத்து ஒலிபெயர்ப்பையும் ஆளுதல் என்னும் நெறி அத்தகைய நூல்களிற் பயின்றது. அந்நெறி இன்றும் நமக்குப் பயன்படும்.

காமாலை என்பதனைக் கண்ணுக்குப் புலனாகும் மஞ்சள் நிறத்திற்கே உரிய குறிப்பெயராக நிறுத்தலாம். குருதியிற் காணும் மிகுதியைப் 'பிலிரூபின் மிகை' எனலாம். அழற்சியைக் 'கல்லீரல் அழற்சி' எனவும், அடைப்பைப் 'பித்தவழி அடைப்பு' எனவும் வழங்கலாம். கில்பர்ட் கண்டதனை 'நோய்' எனலும் 'நோய்க்குறித்தொகை' எனலும் விடுத்துக் 'கில்பர்ட் இயல்பு' எனல் பொருத்தமுடைத்து. உயரமும் நிறமும் போல அஃது ஒருவர் பிறப்பொடு பெற்ற இயல்பே ஆகலின்.

8. முடிவுரை

வீரசோழன் ஆதுலர்சாலையில் மண்டூர வடகம் அடுக்கிவைக்கப்பெற்ற காலத்தில், மஞ்சளுக்குக் காரணம் காணக் கண்ணும் கையுமே கருவிகள். அக்கருவிகளைக் கொண்டே வழி அடைபட்ட காமாலையையும் அடைபடாத காமாலையையும் பிரித்தறிந்தனர் நூலோர். அவர் தொடங்கிய பகுப்பு 1901, 1913, 1957, 1995 என ஆண்டுதோறும் நுணுகி வந்துள்ளது. அறிவு பகுத்தவற்றைச் சொல் இன்னும் பகுக்கவில்லை. குருதிச் சோதனைத் தாளைக் கையில் ஏந்தி நிற்பவர்க்கு மருத்துவர் அளிக்கும் விடை, அவர் அறிந்த தமிழில், அவர் நிலைக்கே உரிய பெயரோடு வருமாயின், அவர் கவலையிற் பாதி அப்பெயராலேயே நீங்கும். எஞ்சிய பாதிக்கு எச்சோதனை வேண்டும் என்பதும் அப்பெயராலேயே தெளியும். மருத்துவரோடு அமர்ந்து அப்பெயர்களை அமைத்துத் தருதல் தமிழ் பயில்வார் கடனாகும்.